கசண்டு

அப்பா வாங்கிய அம்பாசடர் மார்க் 4, எங்கள் வீட்டுக்கு வரும்போதே ஆயில் குடிக்கிற பழக்கத்தோடுதான் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. உடுமலைப்பேட்டையில் எங்களுக்கு உரக்கடை. வண்டி முதலில் பழனியில் ஒரு டாக்டரிடம் இருந்தது. அவரிடமிருந்து ஒரு ஜின்னிங் மில்காரர் கைக்குப் போய், பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. வெள்ளை வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை குப்பென்று கிளம்பி அம்மா போட்ட கோலத்தின் மேல் கவியும். அம்மாவுக்கு அந்த வண்டியைக் கடைசிவரை பிடிக்கவில்லை. புகை மட்டும் அதற்குக் காரணமில்லை. அதை வாங்கிய பணம் எந்த நகையிலிருந்து வந்தது என்பது வேறு கதை.

ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் முந்தைய சொந்தக்காரர்கள் பார்த்த வைத்தியம் போலிருக்கிறது. அப்பாவும் அதையே தொடர்ந்தார். பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பங்க்கில் பேரலிலிருந்து லூஸ் ஆயில் அளந்து தருவார்கள். 'நாப்பது நம்பர்' என்று கேட்க வேண்டும். எஸ்ஏஇ 40, ஒற்றை கிரேடு. புனலில் இறங்கவே நேரம் எடுக்கும் அளவுக்குக் கெட்டி. கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையும் என்பது அந்தக் காலத்து டிரைவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். குறையவும் செய்தது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியில் டேப்பெட் 'டக டக'வென்று அடிக்கும். ஆயில் மேலே ஏறி வந்ததும் சத்தம் அடங்கும். அப்பா இதை வண்டி 'தொண்டையைக் கனைக்கிறது' என்பார். கனைப்பு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

தளி ரோட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார். கோயம்புத்தூரில் லாரி எஞ்சின் வேலை பழகி, ஊர் திரும்பி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு ஒர்க்‌ஷாப் வைத்தவர். கார் வேலைக்கு ஆள் கிடைக்காததால் கார்க்காரர்களும் அவரிடம் போவார்கள். போனால் உடனே ஸ்பேனரைத் தூக்க மாட்டார். வண்டியை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் பனியன் வேஸ்ட்டைப் பிடித்து, அதில் படிகிற ஈரத்தை மோந்து பார்ப்பார். திருப்பூர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் பகுதி ஒர்க்‌ஷாப்புகளில் கை துடைக்க பனியன் வேஸ்ட்தான். அதில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் கோடு ஓடும்.

எங்கள் வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, யார் வைத்திருந்தது என்பது. டாக்டர் வண்டி என்று அப்பா கொஞ்சம் பெருமையோடு சொன்னார். அவர் வாங்கியதற்கே அதுதான் காரணம். டாக்டர் வண்டி என்றால் பூப்போல வைத்திருப்பார்கள் என்பது அந்தக் காலத்துப் பழைய வண்டி வியாபாரத்தில் பெரிய சிபாரிசு.

"டாக்டர் வண்டிதானுங்க மொதலாளி மோசம்" என்றார் மேஸ்திரி. "ஊட்டுல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரில இருந்து ஊடு. எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிறுத்திப்போடுவாங்க. நாமக்கல் லாரிய அவுத்துப் பாருங்க, அஞ்சு லட்சம் ஓடியிருக்கும், உள்ள சுத்தமா இருக்கும்."

சொல்லிவிட்டு டேப்பெட் கவரைக் கழற்றினார். அம்பாசடரில் அதற்கு ரெண்டு நட்டுதான். கவரைத் தூக்கித் தலைகீழாகத் தரையில் வைத்தார். நான் அன்றுதான் ஒரு எஞ்சினின் உள்ளே எட்டிப் பார்த்தேன். ராக்கர் ஷாப்ட், ஸ்பிரிங்குகள், புஷ் ராடுகள் எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கறுப்பாக ஒன்று படிந்திருந்தது. பலகாரம் சுட்ட சட்டியை நாலு தீபாவளிக்குக் கழுவாமல் வைத்திருந்தால் எப்படியிருக்குமோ அப்படி. மேஸ்திரி ஸ்குரூ டிரைவரால் ஒரு ஓரத்தில் வழித்தார். வாழைத்தண்டு நார் கனத்துக்கு சுருண்டு வந்தது. விரலில் வைத்துத் தேய்த்துக் காட்டினார். மேலே வழவழப்பு, அடியில் நறநறவென்று மணல் போல.

"பாத்தீங்களா. கசண்டு."

இந்தக் கசண்டு எப்படி உண்டாகிறது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "மேல எரியறது கீழ வந்துருதுங்க." பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதற்கு மேல் பெரிதாக எதுவுமில்லை. பிஸ்டன் ரிங் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டி, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். அதில் கரி உண்டு, பாதி எரிந்த பெட்ரோல் உண்டு, நீராவி உண்டு. அன்றைய பெட்ரோலில் ஈயமும் உண்டு; நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். எஞ்சின் நன்றாகச் சூடாகி ஒரு மணி நேரம் ஓடினால் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியே போய்விடும். இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்றுவிட்டால் உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலந்து அமிலமாகும், பசையாகும். சூட்டில் ஆயில் தானும் கெட்டு அதோடு சேரும். ஒற்றை கிரேடு லூஸ் ஆயிலில் இதையெல்லாம் பிரித்து மிதக்க வைக்கிற சரக்கு குறைவு. ஆகவே எங்கே ஓட்டம் மெதுவோ அங்கே படியும். சம்ப்பின் மூலைகள், டேப்பெட் கவரின் உட்புறம், ஆயில் திரும்பி இறங்குகிற ஓட்டைகள். ரிங்குகள் உட்காரும் காடிகளிலும் இறங்கி ரிங்கை ஒட்டிப் பிடித்துவிடும். ஒட்டிய ரிங் இன்னும் வாயுவைக் கீழே விடும். அது இன்னும் கசண்டாகும்.

டீசல் ஊற்றிக் கழுவிவிடலாமா என்று அப்பா கேட்டார். அது அன்றைக்கு எல்லா ஊரிலும் நடந்த வழக்கம். இன்றைக்கும் சில இடங்களில் நடக்கிறது. பழைய ஆயிலை இறக்கிவிட்டு, டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி, எஞ்சினை மெதுவாகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிளக்கைத் திறந்து இறக்கினால் கன்னங்கரேலென்று வந்து விழும். பார்க்கிறவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

எங்கள் தெருவில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் பிரீமியர் பத்மினி இருந்தது. நாங்கள் பியட் என்றுதான் சொல்வோம். 1089 சிசி சின்ன எஞ்சின், பழகியவர்களுக்கு அதைப்போல வண்டி கிடையாது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் அதற்கு இந்த டீசல் குளியல் நடந்தது. புது ஆயிலும் நல்ல கம்பெனி ஆயில்தான். அடுத்த வாரம் குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பினார்கள். மடத்துக்குளம் தாண்டியதும் ஆயில் லைட் எரிந்திருக்கிறது. ஓட்டியவர் லைட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தாராம். கொஞ்ச தூரத்தில் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கேட்க ஆரம்பித்து, கோயிலுக்கு பஸ்ஸில் போனார்கள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தது எங்கள் மேஸ்திரியிடம். சம்ப்பை இறக்கியபோது ஆயில் பம்ப்பின் வாயிலிருக்கும் சல்லடையைக் காட்டினார். சல்லடைக் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. டீசல் கசண்டைக் கரைக்கவில்லை. சுவரிலிருந்து உரித்து மட்டும் விட்டிருக்கிறது. உரிந்த செதிலெல்லாம் புது ஆயிலோடு சுற்றி வந்து சல்லடையில் அடைந்து, பம்ப்புக்கு ஆயில் இழுக்க வழியில்லாமல் போய், பேரிங் உருகி, கிராங்க் லேத்துக்குப் போனது. போதாததற்கு, எவ்வளவு வடித்தாலும் டீசலில் கொஞ்சம் உள்ளேயே தங்கும். புது ஆயில் அன்றே நீர்த்துவிடும்.

அந்த சல்லடையை மேஸ்திரி ரொம்ப நாள் ஒர்க்‌ஷாப் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். டீசல் ஊற்றிக் கழுவச் சொல்லி யாராவது வந்தால் வாயால் பதில் சொல்ல மாட்டார், ஆணியைக் காட்டுவார்.

எங்கள் வண்டிக்கு அவர் செய்தது வேறு. முதலில் ஆயில் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். வண்டியை அமராவதி அணை வரை ஓட்டி வரச் சொல்லி, நன்றாகச் சூடான பிறகு முள்ளைப் பார்த்தார். ஓட்டத்தில் நாற்பது பவுண்டுக்கு மேல் காட்டியது. "அடி எஞ்சின் நல்லா இருக்குதுங்க" என்றார். கிராங்கும் பேரிங்கும் தேய்ந்து கிடந்தால் எந்த ஆயிலும் உதவாது, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தச் சோதனையைச் செய்யாமல் பழைய எஞ்சினுக்கு ஆயில் சிபாரிசு செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் நம்பிக்கை வருவதில்லை.

பிறகு சம்ப்பை இறக்கினார். அடியில் இரண்டு விரற்கடை கசண்டு. கையால் வழித்து எடுத்து, மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, சல்லடையையும் கழுவி, புது கேஸ்கட் வைத்து ஏற்றினார். மண்ணெண்ணெய் வேலையெல்லாம் எஞ்சினுக்கு வெளியே, தகரத் தட்டில். உள்ளே ஒரு சொட்டு விடவில்லை. டேப்பெட் கவரின் உட்புறத்தையும் அதே மாதிரி. ராக்கர் மேல் படிந்ததை மட்டும் அப்படியே விட்டார். அதைச் சுரண்டினால் துகள் ஓட்டை வழியே கீழே போகும்; அது ஆயிலின் வேலை என்றார்.

அவர் வாங்கி வரச் சொன்ன ஆயிலைப் பார்த்துத்தான் அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாரிக்கும் டிராக்டருக்கும் ஊற்றுகிற 15டபிள்யூ-40.

"பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஆயிலாய்யா?"

"டின்னுக்குப் பின்னால பாருங்க மொதலாளி, ரெண்டும் போட்டிருக்கான்."

போட்டிருந்தது. அமெரிக்க பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்டின் தர எழுத்துக்கள் அவை. 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, 'சி' என்று தொடங்கினால் டீசலுக்கு. அடுத்த எழுத்து அகரவரிசையில் நகர நகரத் தரம் புதியது. நல்ல லாரி ஆயில்கள் பல இரண்டு தேர்வையும் எழுதிப் பாஸானவை. எங்கள் டின்னில் 'சிஎஃப்-4', பக்கத்திலேயே 'எஸ்ஜி'. எஸ்ஜி என்பது 1989இல் வந்த பெட்ரோல் தரம். ஐம்பதுகளின் மோரிஸ் ஆக்ஸ்போர்டில் வந்த எஞ்சினுக்கு அதுவே தலைக்கு மேல்.

லாரி ஆயிலை மேஸ்திரி பிடித்துக்கொண்டது பழக்கத்தால்தான். ஆனால் அந்தப் பழக்கத்துக்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆயிலில் சுத்தம் செய்கிற சரக்கைச் சேர்க்கும் வேலையே டீசலுக்காகத் தொடங்கியதுதான். 1930களில் கேட்டர்பில்லர் டிராக்டர்களின் டீசல் எஞ்சின்களில் ரிங்குகள் கரி பிடித்து ஒட்டிக்கொள்ள, கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி அதற்கென்று சேர்மானம் போட்ட ஆயிலைத் தயாரித்தது. அன்றைய டீசலில் கரியும் கந்தகமும் அதிகம். ஆகவே டீசல் ஆயிலில் அமிலத்தை முறிக்கும் கால்சியம், மெக்னீசியம் சேர்மானங்களும், கரித்துகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தனித்தனியாக மிதக்க வைக்கிற சேர்மானங்களும் தாராளமாக இருக்கும். பெட்ரோல் எஞ்சினின் அழுக்கு அதற்குச் சின்ன வேலை.

ஆனால் மெதுவாகச் செய்யும். அதுதான் டீசல் குளியலுக்கும் இதற்கும் வித்தியாசம். சேர்மானம் கசண்டின் மேல்தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக ஆயிலுக்குள் எடுத்துக்கொள்ளும். செதிலாக உரிக்காது. எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு எல்லை உண்டு, அது நிரம்பியதும் ஆயிலை மாற்றிவிட வேண்டும். மேஸ்திரி முதல் ஆயிலை ஆயிரம் கிலோமீட்டரில் இறக்கினார். அடுத்ததை ரெண்டாயிரத்தில். அதற்கப்புறம் மூவாயிரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் ஜாடிக்குள் மாட்டுகிற பில்டர் எலிமென்ட்டும் புதிது. எலிமென்ட்டை மிச்சம் பிடித்து ஆயிலை மட்டும் மாற்றுவதை அவர் குளித்துவிட்டு அழுக்கு வேட்டியைக் கட்டுவதாகத் திட்டுவார்.

அப்பாவுக்கும் அவருக்கும் உண்மையான சண்டை வந்தது முதல் வாரத்தில். பொன்னிறமாக ஊற்றிய ஆயில் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடாமல் டிப் ஸ்டிக்கில் கறுப்பாக வந்தது. நாப்பது நம்பர் ஆயில் ரெண்டு மாசம் ஆனாலும் பழுப்பாகத்தான் இருக்கும், இவ்வளவு விலை கொடுத்த ஆயில் ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது, டூப்ளிகேட் டின்னைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஒர்க்‌ஷாப்புக்கே போய்க் கத்தினார். டூப்ளிகேட் பயம் நியாயமானதுதான். காலி டின்னை விலைக்கு வாங்கி, பழைய ஆயிலை வடிகட்டி ஊற்றி விற்கிற ஆட்கள் அன்றும் இருந்தார்கள். அதனாலேயே எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு டின்னையும் வண்டிக்காரர் கண் முன்னால் உளியால் நாலு குத்து குத்தித்தான் மூலையில் எறிவார்.

அவர் கோபப்படவில்லை. டிப் ஸ்டிக்கை உருவி, அன்றைய தினத்தந்தியின் ஓரத்தில் எழுத்தில்லாத இடத்தில் ஒரு சொட்டு விட்டார். பக்கத்திலேயே, கழிவு டப்பாவிலிருந்த எங்கள் பழைய ஆயிலில் ஒரு சொட்டு. "டீ சாப்பிட்டு வாங்க, அப்பறம் பேசலாம்."

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். பழைய ஆயில் சொட்டின் நடுவில் கறுப்பு ஒரு பொட்டாக அப்படியே உட்கார்ந்திருந்தது, விளிம்பு கத்தரித்த மாதிரி. அதைச் சுற்றி வெறும் எண்ணெய்க் கறை மட்டும் பரவியிருந்தது. புது ஆயில் சொட்டில் நடு, விளிம்பு என்று பிரிக்க முடியவில்லை. சாம்பல் நிறம் ஒரே சீராக வெளிவட்டம் வரை போயிருந்தது. எண்ணெய் போகிற இடத்துக்கெல்லாம் கரியையும் தூக்கிக்கொண்டு போகிறது என்று அதற்கு அர்த்தம். பழையது கரியைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் போகிறது. பழுப்பாகவே இருந்த அந்த நாப்பது நம்பர் ஆயில் அத்தனை அழுக்கையும் எஞ்சினுக்குள் விட்டுவிட்டுத்தான் வெளியே யோக்கியன் வேஷம் போட்டிருக்கிறது. இது ஆய்வுக்கூடங்களிலும் செய்கிற சோதனைதான், அங்கே அதற்கென்று வடிதாள் இருக்கும். பேப்பர் ஓரத்தில் பார்ப்பது ஒரு மதிப்பீடுதான் என்றாலும், பழகிய கண்ணுக்கு ஆயில் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அது சொல்லிவிடும். நான் இன்றும் செய்கிறேன். எங்கள் வீட்டில் பழைய பேப்பர் எடைக்கு வாங்குகிறவர் ஓரங்களில் இருக்கும் பொட்டுகளைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அப்பாவின் இன்னொரு குறை, ஆயில் 'தண்ணியா' இருக்கிறது என்பது. டின்னிலிருந்து ஊற்றும்போது நாப்பது நம்பரைவிட இளக்கம்தான். ஆனால் எஞ்சின் சூடேறிய பின் இரண்டும் ஒன்றே. 100 டிகிரியில் எஸ்ஏஇ 40 என்றால் பாகுத்தன்மை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். 15டபிள்யூ-40க்கும் அதே வரம்புதான். முன்னால் இருக்கும் 15டபிள்யூ, குளிரில் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைச் சொல்வது. அந்தக் குளிர்ச் சோதனை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் நடப்பதால், உடுமலையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். வேலை இருந்தது. மார்கழிக் காலையில் டேப்பெட் கனைப்பு பாதியாகக் குறைந்தது. எஞ்சின் தேய்வதில் ஒரு பங்கு அந்த முதல் சில நொடிகளில் நடக்கிறது. ஆயில் மேலே ஏறி வரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசும். புகைக்காகக் கெட்டி ஆயில் ஊற்றுகிறவர்கள் தினமும் காலையில் இந்தக் கப்பத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

புகை என்ன ஆனது? குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆனைமலை ஏற்றங்களில் வந்துகொண்டிருந்த புகை சில மாதங்களில் காணாமல் போனது. ஒட்டியிருந்த ரிங்குகள் விட்டுக்கொண்டு மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்றார் மேஸ்திரி. காலை முதல் ஸ்டார்ட்டில் வருகிற குப் மட்டும் மாறவில்லை. அது வால்வு கைடு தேய்மானம். இரவெல்லாம் வண்டி நிற்கும்போது ஆயில் கைடு வழியாக இறங்கி நிற்கிறது, காலையில் எரிகிறது. "அழுக்கத்தான் ஆயில் எடுக்கும். தேஞ்சத வளக்காதுங்க." ஒரு மழைக்காலத்தில் ஹெட்டை இறக்கி கைடு மாற்றினோம். அப்போது சிலிண்டர் தலையின் உள்பக்கம் முழுக்க உலோக நிறம் தெரிந்தது. மூலையில் ஒரு காய்ந்த கோடு மட்டும் மிச்சம். அம்மா அன்று பார்க்க வரவில்லை.

ஒழுகல் மட்டும் தீரவே இல்லை. தீராது. அந்த எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. ஷாப்ட்டில் திருகு மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்கள். ஷாப்ட் சுற்றும்போது அது ஆயிலை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை, சொட்டும். இப்போது கடைகளில் 'ஹை மைலேஜ்' என்று எழுதி விற்கும் ஆயில்கள் காய்ந்த ரப்பர் சீலை ஊற வைத்து உப்ப வைக்கிற சேர்மானத்தோடு வருகின்றன. தொண்ணூறுகளுக்குப் பிந்தைய ஜப்பானிய எஞ்சின்களுக்கு அது உபயோகப்படலாம். சீலே இல்லாத இடத்தில் எதை உப்ப வைப்பது? எங்கள் ஷெட்டில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு தகரத் தட்டு நிரந்தரமாக இருந்தது. இறக்கிய பழைய ஆயிலை சென்ட்ரிங் போடுகிறவர்கள் பலகைக்குத் தடவ வாங்கிப் போவார்கள். கான்கிரீட் ஒட்டாமல் பிரியும். அது தோலுக்கும் மண்ணுக்கும் நல்லதில்லை என்று அப்போது யாரும் பேசியதில்லை.

மேஸ்திரி போன பிறகு ஆயில் தேர்வு என் பொறுப்பாயிற்று. வண்டியும்தான். அதற்குள் டின்னின் பின்பக்கம் ரொம்ப மாறிவிட்டது. எஸ்ஜியிலிருந்து எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று வந்து, 2020இல் எஸ்பி. எழுத்து நகர்ந்தால் தரம் கூடும், புதியது பழையதற்கும் பொருந்தும் என்பது பொது விதி. அந்த விதியில் பழைய எஞ்சின்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு ஓட்டை இருக்கிறது. அம்பாசடரில் கேம் ஷாப்ட்டின் மேல் டேப்பெட் உருளாது, வழுக்கும். அந்த உரசலில் இரண்டையும் காப்பாற்றுவது ஆயிலில் உள்ள துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்மானம். சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தன்னைத் தேயவிட்டுக்கொள்ளும். புதுக் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு இந்த பாஸ்பரஸ் ஆகாது. ஆகவே எஸ்எம் காலத்திலிருந்து 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 மாதிரி இளக்கமான கிரேடுகளில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிவிட்டார்கள். புது எஞ்சின்களில் பலவற்றில் உருளுகிற ரோலர் இருப்பதால் அது போதும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டி கிரேடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு லாரி ஆயில் என்று மேஸ்திரி பிடித்த பிடி, அவர் காலத்தில் இல்லாத ஒரு காரணத்துக்காக இன்னும் சரியாகவே இருக்கிறது. நான் இப்போது ஊற்றுவது சிஐ-4 பிளஸ், கூடவே எஸ்எல் போட்ட 15டபிள்யூ-40. சித்திரை, வைகாசியில் நீண்ட ஓட்டம் இருந்தால் 20டபிள்யூ-50.

கொஞ்ச நாள் முன்பு அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது அம்பாசடருக்கென்று புல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 டப்பா ஒன்று வாங்கி வந்திருந்தான். அவன் புதுக் காருக்கு 0டபிள்யூ-20 ஊற்றுகிறவன்; அதைப் பார்க்கும்போது இதுவே கெட்டி என்று நினைத்திருக்கிறான். "மாமா, இதுல சுத்தம் பண்ற சக்தி ஜாஸ்தி" என்றான். பொய்யில்லை, சிந்தெடிக் சூட்டில் எளிதில் கெடாது. பாஸ்பரஸ் கதையைச் சொன்னேன். அறுபது வருஷம் தாண்டிய வடிவமைப்பில் பேரிங் இடைவெளி பெரிது, இத்தனை இளக்கம் பிரஷரைக் கீழே கொண்டுவரும் என்றும் சொன்னேன். அவன் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான். ஷெட்டுக்குக் கூட்டிப் போய் தகரத் தட்டைக் காட்டினேன். "இத்தனை வெலை குடுத்து வாங்கி இதுல வடிக்கறதுக்காடா?" அதற்கு மேல் அவன் பேசவில்லை.

மறுநாள் அந்த டப்பாவைக் கொடுத்துவிட்டு நமக்கு வேண்டியதை வாங்கலாம் என்று டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடையில் புது ஆள். கேட்ட 15டபிள்யூ-40 டின்னை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"டிராக்டருக்குங்களா?"

"காருக்குங்க."

"டீசல் காருங்களா?"

"பெட்ரோல்."

கொடுத்த டின்னைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். நான் டின்னைத் திருப்பி சின்ன எழுத்தில் இருந்த 'எஸ்எல்'லைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். "இத எதுக்குங்க இங்க போட்டிருக்கான்?" என்று ஸ்டூலை இழுத்து என் பக்கம் போட்டார்.